தலைமைப் புள்ளியியலாளர் அவர்களே, கொஞ்சம் வெளியே வந்து பேசுங்கள்

மதிப்பிற்குரிய இந்தியத் தலைமைப் புள்ளியியலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மாதாமாதம் 12ஆம் தேதி வாக்கில், மாலை 4 மணிக்கு, சில்லறை விலைவாசிக் கணக்கை வெளியிடுகிறீர்கள். ராத்திரி டிவி விவாதத்தில் ஒருவர் அதைச் சாதனை என்கிறார், இன்னொருவர் பொய்க்கணக்கு என்கிறார். கணக்கைப் போட்டவர் குரல் மட்டும் அரிதாகத்தான் கேட்கிறது.

உங்கள் சங்கடம் புரிகிறது. தலைமைப் புள்ளியியலாளரும் நீங்கள்தான், புள்ளியியல் அமைச்சகத்தின் செயலாளரும் நீங்கள்தான். செயலாளர் அமைச்சருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். புள்ளியியலாளர் ஊருக்கே பதில் சொல்ல வேண்டியவர். நல்ல எண் வரும் மாதங்களில் இந்த இரண்டும் உரசுவதில்லை.

உரசினால் என்ன ஆகும் என்பதை 2019இல் பார்த்தோம். 2017-18க்கான வேலைவாய்ப்பு அறிக்கைக்குத் தேசியப் புள்ளியியல் ஆணையம் ஒப்புதல் கொடுத்தும் அது வெளிவரவில்லை. ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் ஜனவரியில் விலகினார்கள். வேலையின்மை 6.1 சதவீதம் என்று பத்திரிகையில் கசிந்தபோது, நிருபர்களைக் கூட்டி விளக்கம் சொன்னது, அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக். தேர்தல் முடிந்து, மே 31 அன்று அதே 6.1 அதிகாரபூர்வமாக வந்தது.

அதே ஆண்டு நவம்பரில் 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வை, தரவில் தரம் இல்லை என்று மொத்தமாகக் கைவிட்டார்கள். இருக்கலாம். எங்கே கோளாறு என்று விரிவாகக் காட்டியிருந்தால் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். அந்த ஆய்வைக் கைவிட்டதன் விளைவு, 2011-12 செலவுப் பட்டியலை வைத்தே பல வருஷம் விலைவாசியை அளந்தோம். அந்தப் பட்டியலில் கிராமத்து வீட்டின் சாப்பாட்டுச் செலவு 53 சதவீதத்துக்குப் பக்கம். 2022-23 ஆய்வில் அது 46க்கு இறங்கியிருந்தது. அதாவது பழைய பட்டியல் சாப்பாட்டு விலைக்கு அதிகக் கனம் கொடுத்தது.

கனடாவில் 2010இல் முனீர் ஷேக் என்பவர் இதே மாதிரிப் பதவியில் இருந்தார். மக்கள்தொகைக் கணக்கில் விரிவான கேள்விகள் கொண்ட நீளப் படிவத்தைக் கட்டாயமில்லாத ஆய்வாக மாற்றியது அரசு. ஏதோ அவரும் ஒப்புக்கொண்ட மாதிரி பேச்சு கிளம்பியது. விருப்ப ஆய்வு கட்டாயக் கணக்கெடுப்புக்கு ஈடாகாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ராஜினாமா செய்தார். நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம், பேசினாலே போதும்.

ஏனென்றால் உங்கள் மௌனத்துக்கு விலை கொடுப்பது கீழே உள்ள கள ஊழியர்கள். டேப்லெட்டும் கையுமாக ஒரு வீட்டு வாசலில் நின்று, "போன 7 நாளில் எத்தனை முட்டை வாங்கினீர்கள், எண்ணெய் எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். "இதைச் சொன்னா ரேஷன் கார்டை எடுத்துடுவீங்களா?" என்று பதிலுக்குக் கேட்கிறார் அந்த வீட்டம்மா. நியாயமான பயம்தான். 2008 புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி உங்கள் விவரம் ரகசியம் என்று அந்த ஊழியர் சொல்வதை அவர் நம்ப வேண்டுமென்றால், டெல்லியில் இருக்கும் உங்கள் முகமும் பேச்சும் ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டாமா?

வெளியீட்டு நாள்காட்டியை முன்கூட்டியே போடுகிறீர்கள், நல்லது. அப்புறம் முக்கியமான கணக்கு வெளியாகும் நாளில் நீங்களே நிருபர்கள் முன் உட்காருங்கள். எண் கசந்தாலும் உட்காருங்கள். யாராவது அதைத் திரித்துப் பேசினால், ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, மறுநாளே மறுப்பு வெளியிடுங்கள். புள்ளியியல் ஆணையத்துக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்பது நாடாளுமன்றத்தின் வேலை, அதற்கு நாளாகும். அதுவரை அந்த 2017-18 நுகர்வு ஆய்வின் தரவை, குறைகளைக் குறித்த ஒரு விளக்கத்தோடு, ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குகளை மாதாமாதம் படிக்கும் ஒரு வாசகன்