சோயா உணவுதான், மருந்தல்ல

ஆசிரியருக்கு,

ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோயைச் சோயா தடுக்கும் என்ற தங்கள் கட்டுரை பாதிக் கதையோடு நின்றுவிட்டது. சோயா அதிகம் உண்போரிடம் இந்நோய் குறைவாகக் காணப்படுவது உண்மை; ஆனால் அது தொடர்புதான், நிரூபணம் அல்ல. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இப்புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் அகற்றப்பட்ட 177 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தினமும் 20 கிராம் சோயாப் புரதம் பானமாகத் தரப்பட்டது. இரண்டாண்டுகள் வரை பொறுமையாகக் குடித்தார்கள், பாவம். நோய் திரும்புவது குறையவில்லை. சோயாவில் ஐசோஃபிளேவோன்கள் என்ற, பெண் ஹார்மோனை ஒத்த தாவரச் சேர்மங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றான டெய்ட்சீனை, இன்னும் வலுவாகச் செயல்படும் ஈக்வால் என்ற சேர்மமாக மாற்றும் குடல் பாக்டீரியாக்கள் எல்லோரிடமும் இல்லை; அதனால் விளைவு ஆளுக்கு ஆள் மாறலாம் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை.

இன்னொரு பக்கம், ஆண்மை குறையும் என்ற பயம் வீண். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவு மாறவில்லை. பிடித்தால் சோயாவைச் சாப்பிடலாம். ஐசோஃபிளேவோன் மாத்திரை விளம்பரங்களைத்தான் நான் நம்பமாட்டேன்.

– ஒரு வாசகர்