பித்தான் டப்பாவில் 8,000 ரூபாய்

ஐயா,

பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். தினம் எட்டு சிகரெட். பத்து ரூபாய் வீதம் 80 ரூபாய் புகையாகப் போனது. நிறுத்திய நாள் முதல் அந்தக் காசைப் பித்தான் டப்பாவில் போட்டேன். (முதல் வாரம் காசைவிட எரிச்சல்தான் அதிகம் சேர்ந்தது.) நூறாம் நாள் எண்ணினால் 8,000! மூவாயிரத்தை எடுத்துக்கொண்டு மனைவியோடு ஒகேனக்கல் போனேன். எண்ணெய் மசாஜ், பரிசல், வறுத்த மீன். ‘மீதிக்கு நான் பொறுப்பு’ என்று டப்பாவை அவள் வாங்கிக்கொண்டாள்.

ஒரு கோரிக்கை. புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் 2018 முதல் சிகரெட் பாக்கெட்டில் அச்சாகிறது. என்னைப் போல் ஒற்றையாக வாங்குகிறவன் பாக்கெட்டை எங்கே பார்க்கிறான்? எங்கள் பஸ் நிலையச் சுவரில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி வைக்கலாம்.

– தையல் தொழிலாளி, பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்