படத்துக்கு முன் சுவரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் எங்கள் பகுதி ஊருணிக் கரையை ஒட்டிய நீளச் சுவரில் ஓவியம் வரையலாம் என்று பேச்செடுத்து மாதங்கள் ஆகின்றன. ஆத்தங்குடித் தரைக்கல்லில் உள்ள பூ வடிவம் வேண்டும் என்று சிலர். வள்ளல் அழகப்பர், கவியரசர் கண்ணதாசன் முகங்கள் வேண்டும் என்று சிலர். சிராவயல் மஞ்சுவிரட்டுக் காளைதான் என்று இளைஞர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். ஒன்றும் வேண்டாம், வெள்ளையடித்து விடுங்கள் என்பவர்களும் குறைவில்லை. வாட்ஸ்அப் குழுவில் தொடங்கிய வாக்குவாதம், எதிரெதிர் வீட்டுக்காரர்கள் முகம் பார்த்துப் பேசாத அளவுக்கு வந்துவிட்டது. காரை வேலையும் சுவர் ஓவியமும் எங்கள் தொழில். இத்தனை பேச்சிலும் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று இருப்பதால் இதை எழுதுகிறோம்: அது என்ன சுவர்?

120 அடி நீளம், 9 அடி உயரம். அதில் கிழக்கே உள்ள 70 அடி பழைய செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட மதில். மீதி 50 அடி, பிற்காலத்தில் இடிந்த இடத்தில் சிமெண்ட் வைத்து எழுப்பியது. வெள்ளையடித்திருப்பதால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தால் சத்தம் மாறும் இடம் தெரிந்துவிடும். இந்த இரண்டு சுவரும் ஒரே பெயின்டைத் தாங்காது. ஒரே படத்தை 120 அடிக்கும் இழுப்பது என்ற யோசனை, எந்தப் படமாக இருந்தாலும், இங்கேயே நின்றுவிடுகிறது.

காரைச் சுவர் மூச்சு விடும் சுவர். அடித்தளத்திலிருந்து ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறும், வெயிலில் ஆவியாகி வெளியேறும். ஊருணிக் கரையில் இது இன்னும் அதிகம். அதன்மேல் எமல்ஷன் பெயின்ட் அடித்தால் சுவருக்குப் பிளாஸ்டிக் உறை போட்டது போலாகிறது. ஈரம் வெளியே வர வழியில்லாமல், அதோடு வந்த உப்பு பெயின்டுக்குப் பின்னால் படிகமாகிறது. அந்தப் படிகம் வளரும்போது பெயின்டை மட்டும் தள்ளாது, அதற்கடியில் உள்ள காரைப் பூச்சையும் சேர்த்துப் பெயர்க்கும். முதல் ஆண்டில் கொப்புளம், அடுத்த மழையில் தாள் தாளாக உரிதல், அப்புறம் செங்கல் தெரியும். "பெயின்ட் சரியில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். பெயின்டில் குற்றமே இருக்காது.

வீட்டின் முகப்புச் சுவரில் ஓவியம் என்றால் இதைவிடப் பெரிய கேடு. நம் ஊர்த் திண்ணையிலும் முகப்பிலும் உள்ள மழமழப்பான பூச்சு, சலித்த மணலும் அரைத்த சுண்ணாம்பும், கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு ஆகியவையும் சேர்ந்து அடுக்கடுக்காக ஏற்றித் தேய்த்தெடுத்தது. அந்த மழமழப்பில் பெயின்ட் பிடிக்காது. பிடிப்பதற்காக உளியால் கொத்திவிடுவார்கள். நூறு வருஷம் நின்ற பூச்சு ஒரு பகலில் போய்விடும். அதைத் திருப்பிப் பூசத் தெரிந்த கைகள் இப்போது மிகச் சில. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014ல் இடம்பெற்றன. அந்தப் பட்டியலைக் காட்டி ஊரை அழகுபடுத்தக் கிளம்புகிறவர்கள், அந்தப் பட்டியலுக்குக் காரணமான சுவரையே கொத்தக் கூடாது. சுதை வேலையும் கஜலட்சுமியும் உள்ள முகப்புக்கு மேற்கொண்டு ஓவியம் எதற்கு?

அப்படியானால் பழைய 70 அடியை என்ன செய்வது? சுண்ணாம்பிலேயே வரையலாம். நீற்றிய சுண்ணாம்பை இரண்டு வாரமாவது ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்தில் மெல்லிய பூச்சாக நான்கு, ஐந்து தடவை அடிக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் முன்னால் சுவரை நனைக்க வேண்டும், இடையில் ஒரு நாள் விட வேண்டும். நிறத்துக்குக் காவி, மஞ்சள் காவி, கரி, பச்சைக்கு குரோமியம் ஆக்ஸைடு. இவை சுண்ணாம்போடு ஒத்துப்போகும். பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பின் காரத்தில் செத்துவிடும். நிறப்பொடி, சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் சாய்கிறவர் சட்டையில் ஒட்டும். இந்த முறையில் முகம் வரைய முடியாது, நுணுக்கமும் வராது. கோயில் மதிலில் காவியும் வெள்ளையுமாக அடிக்கும் பட்டை போன்ற பெரிய, எளிய வடிவங்கள் வரும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது புதுப்பித்துக்கொள்ளலாம். அது உரியாது, மெல்ல மங்கும். அதுதான் அந்தச் சுவரின் இயல்பு.

சிமெண்ட் சுவருக்கு வருவோம். புதிதாகப் பூச்சு வேலை செய்தால் 28 நாள் காயவிடாமல் பிரைமர் அடிக்கக் கூடாது. ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒன்றரை அடி சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் தயாராகவில்லை. தரையிலிருந்து இரண்டு அடிக்குள் ஒரு தாள், தலை உயரத்தில் ஒரு தாள் என்று இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். கீழ் இரண்டரை அடியில் படம் வேண்டவே வேண்டாம். மழைச் சேறு தெறிக்கும், உப்பு பூக்கும், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவதும் அங்கேதான். அடர்ந்த காவி நிறத்தில் பட்டை அடித்துவிட்டு மேலே தொடங்குங்கள். சுவரின் தலையில் தண்ணீர் நிற்காமல் சரிவு வைத்து, வெளியே ஓர் அங்குலம் நீட்டிவிட்டால் பெயின்டின் ஆயுள் கூடும். இதற்குப் பணம் ஒதுக்காமல் விலை உயர்ந்த பெயின்ட் வாங்குவதில் பயனில்லை.

450 சதுர அடிக்குப் பிரைமர் ஆறேழு லிட்டர், வெளிப்பூச்சு எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு எட்டு லிட்டர் அளவில் ஆகும். சுவர் சொரசொரப்பாக இருந்தால் கூடும். படத்துக்கான நிறங்கள் இதற்கு மேல். ஆழ்ந்த சிவப்பு, ஊதா, கண்ணைப் பறிக்கும் மஞ்சள் எல்லாம் வெயில் படும் சுவரில் சீக்கிரம் வெளுக்கும். காவி போன்ற ஆக்ஸைடு நிறங்கள் நிற்கும். கடை மெஷினில் கலந்த ஒவ்வொரு நிறத்தின் எண்ணையும் எழுதி வைத்து, மிச்சத்தில் ஒவ்வொரு அரை லிட்டர் மூடி வைத்தால்தான் நாளைக்குக் கீறலைத் தொட்டுச் சரிசெய்ய முடியும்.

இப்போது படங்களைப் பற்றி. ஊருணிப் பக்கம் வீதியின் அகலம் 14 அடிதான். எட்டடி உயர முகம் வரைந்தால் அதை முழுதாகப் பார்க்க, உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். இங்கே எதிர்வீட்டுத் திண்ணைக்குள் போய் நின்றாலும் மூக்கும் கண்ணும்தான் தெரியும். முகம் வெளுக்கும்போது சீராகவும் வெளுக்காது. தோல் நிறத்தில் கலந்த சிவப்பும் மஞ்சளும் முதலில் போய், முகம் சாம்பல் பூத்துவிடும். பெரியவர்கள் மேல் உள்ள மரியாதையால்தான் சொல்கிறோம்: அவர்களை அந்தக் கோலத்தில் தெருவில் நிறுத்த வேண்டாம்.

ஆத்தங்குடிப் பூ வடிவம் எளிது என்று நினைக்கிறார்கள். கிடையும் நிலையும் கால் அங்குலம் பிசகினாலும் கண் கண்டுபிடித்துவிடும். ஊருணிப் பக்கம் தரை சரிவு. தரையைப் பார்த்து அளந்தால் பத்தாவது பூவில் கோடு இறங்கிவிடும். டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்து, நூல் அடித்து, சுவரின் நடுவிலிருந்து இரு பக்கமும் போக வேண்டும். இரண்டடிப் பூவாகப் பெரிதாக்கினால் 50 அடிக்கு 25 பூ. ஓரத்தில் அரைப்பூ விழாமல் முதலிலேயே கணக்குப் போட வேண்டும். காளை இந்தச் சுவருக்கு நன்றாக அமையும். நீளவாக்கில் ஓடும் உருவம், நடந்து போகிறவர் பக்கவாட்டில் பார்த்தாலும் குலையாது. நடுவீட்டுக் கோலம் போடலாம் என்ற யோசனையும் வந்தது. விசேஷத்துக்கு வீட்டுக்குள் மாவால் போடுவதைத் தெருச்சுவரில் நிரந்தரமாக நிறுத்தலாமா என்று கேட்கும் ஆச்சிமாரின் கேள்வி நியாயமானது. அவர்களைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. சிறுநீர் கழிப்பதைத் தடுக்கச் சாமி படம் என்பதை நாங்கள் ஒப்புக்கொள்ளவே மாட்டோம். அதற்கு விளக்கும் கழிப்பறையும்தான் வழி. சாமியைக் காவலுக்கு வைக்கக் கூடாது.

தேர்வு முறைதான் பாதிச் சண்டைக்குக் காரணம். கைபேசியில் வந்த படங்களில் மின்கம்பம் இல்லை, மீட்டர் பெட்டி இல்லை, கழிவுநீர்க் குழாய் இல்லை. எந்தப் படத்தையும் அடிக்கு ஓர் அங்குலம் என்ற ஒரே அளவில் வரைந்து கொடுக்கச் சொல்லுங்கள். 50 அடிச் சுவருக்கு நான்கடியை ஒட்டிய நீளத் தாள் வரும். அதில் கம்பமும் குழாயும் இருந்தே ஆக வேண்டும். மாதிரி வரைகிறவருக்கு, தேர்வானாலும் ஆகாவிட்டாலும், கூலி கொடுங்கள். இலவசமாகக் கேட்டால் வேறு ஊருக்கு வரைந்ததைத்தான் அனுப்புவார்கள். எழுத்து இருந்தால் தமிழாசிரியர் ஒருவர் படித்துப் பார்க்கட்டும். ஒற்றுப்பிழை சுவரில் ஏறினால் ஐந்து வருஷம் இருக்கும்.

பிறகு மூன்றடிக்கு மூன்றடி துண்டை முழு அளவில் பலகையில் வரைந்து, சுவரில் பத்து நாள் சாத்தி வையுங்கள். காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் பார்த்த பிறகு பலர் மனம் மாறுவதுண்டு.

யாரைக் கேட்பது என்பதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வீடுகள் ஒரு வீதியில் முகப்பும் அடுத்த வீதியில் பின்வாசலுமாக நீள்வதால், பின்வீதி முழுக்க வெறும் மதில்தான். அந்த மதில் பல பங்காளிகளுக்குப் பொது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். ஒருவர் "சரி" என்றதை வைத்துச் சாரம் கட்டினால், இன்னொரு பங்காளி விசேஷத்துக்கு வரும்போது வேலை நிற்கும். பழைய மதில் பகுதிக்கு எல்லாப் பங்காளிகளின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். ஊருணியும் சிமெண்ட் பகுதியும் பொது இடம் என்பதால் அங்கே மாநகராட்சி அனுமதி. ஆனால் சம்மதம் வேறு, தேர்வு வேறு. சுவரைத் தினமும் பார்க்கப்போவது எதிரே குடியிருப்பவர்கள்: வாடகைக்காரர்கள், காவலுக்கு இருக்கும் குடும்பங்கள், இட்லிக் கடை அம்மா, ஊருணிக்கு வருகிறவர்கள். வாட்ஸ்அப் குழுவில் இவர்களில் பாதிப் பேர் இல்லை.

நான்கு படத்தில் ஒன்றுக்கு மட்டும் ஓட்டு என்றால், மூன்றில் ஒரு பங்கினர் விரும்பியது வென்று மற்றவர்கள் மனத்தாங்கலோடு நிற்பார்கள். ஒவ்வொரு வீடும் தனக்குச் சம்மதமான எல்லாப் படத்துக்கும் குறி போடட்டும். "இது கூடவே கூடாது" என்று நினைக்கும் ஒன்றுக்குக் காரணத்தையும் எழுதட்டும். எதிரே உள்ள வீடுகளில் கால்வாசிப் பேர் கூடாது என்றால் அந்தப் படத்தை விட்டுவிடலாம். மீதியில் அதிகக் குறி பெற்றது எது என்று பாருங்கள். காகிதச் சீட்டு, பத்து நாள், பெட்டி இருக்கும் இடம் ரேஷன் கடை. கோயிலில் வைத்தால் எல்லாரும் வர மாட்டார்கள்.

ஓவியரோடு ஒப்பந்தம் எழுதும்போது அழிப்பதைப் பற்றியும் எழுதுங்கள். டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச் சிற்பத்தை அரசு அகற்றியதற்காக அமர்நாத் சேகல் வழக்குத் தொடுத்து, 2005ல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பதிப்புரிமைச் சட்டம், 1957, தன் படைப்பு சிதைக்கப்படாமல் இருக்கும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. ஐந்து ஆண்டு வைத்திருப்போம், பழுதை இன்னார் தொடுவார், அழிப்பதானால் 60 நாள் முன்னால் சொல்வோம் என்று இருவரும் கையெழுத்திட்டால் பின்னால் வம்பில்லை. மொத்தச் செலவில் பத்தில் ஒன்றைப் பராமரிப்புக்குத் தனியே எடுத்து வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை தொடங்க முடியாது. சித்திரை வெயிலில் சுவர் சுடும், பெயின்ட் இழுபடுவதற்கு முன்பே காய்ந்துவிடும். தையும் மாசியும்தான் சரியான காலம். அதற்குள் சுவரைச் சோதிக்கவும் சீட்டு எண்ணவும் நேரம் இருக்கிறது. அடுத்த மழை விட்ட மறுநாள் காலை, எல்லாத் தரப்பிலிருந்தும் இருவர் இருவராக ஊருணிக் கரைக்கு வரட்டும். பிளாஸ்டிக் தாள், டேப், ரசமட்டம், ஏணி எல்லாம் நாங்கள் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
காரை வேலைக் கொத்தனார்கள், சுவர் ஓவியர்கள் சிலர்,
காரைக்குடி.