மஞ்சள் தொப்பி அக்காவுக்கு

போன ஞாயிறு காலை பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்த 10 கி.மீ. ஓட்டத்துக்கு மஞ்சள் தொப்பியோடு வந்திருந்த அக்காவுக்கு நன்றி. பெயர் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு மூச்சும் இல்லை.

எனக்கு வயது 46. கிலோமீட்டருக்கு 9 நிமிடம், அதுவும் நல்ல நாளில். ஆறு மணிக்குக் கிளம்பிய கூட்டம் இரண்டாவது கிலோமீட்டரிலேயே கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. எட்டாவதில் வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் மேசையையும் மடக்கிவிட்டார்கள். வலது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க, ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் ஓடி முடித்து, மெடலோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். கால்விரல்களை முழங்கால் பக்கமாக இழுத்துப் பிடிக்கச் சொன்னீர்கள். உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் கொடுத்தீர்கள். அப்புறம், "வாங்க தம்பி, நடந்தே போயிடலாம்." என்னைத் தம்பி என்று யாராவது கூப்பிட்டே பல வருடம் ஆகிறது!

இரண்டு கிலோமீட்டரும் கூடவே வந்தீர்கள். முடிவு வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தரையில் இருந்த சாக்பீஸ் கோட்டைக் காட்டி "இப்ப ஓடுங்க" என்றீர்கள். ஓடினேன். திரும்பிப் பார்த்தால் நீங்கள் இல்லை.

உங்கள் பாட்டில் என்னிடம்தான் இருக்கிறது, அக்கா. வரும் ஞாயிறு ஆறு மணிக்கு அதே இடத்துக்குக் கொண்டுவருகிறேன்.