மண்டபத்திலிருந்து அப்பா

அன்புள்ள தாயி,

கச்சான் காற்று ஓயவில்லை. தம்பி நான்கு நாளாகக் கடலுக்குப் போகவில்லை. நீ அனுப்பிய சிறுகோளின் ரேடார் படத்தைத் தெருவில் எல்லாருக்கும் காட்டிவிட்டேன். அது புகைப்படமில்லை, மேலிருந்து கீழே தூரம், பக்கவாட்டில் டாப்ளர், அதாவது சுழற்சியால் எதிரொலியின் அதிர்வெண் மாறும் அளவு என்று அம்மாவுக்குப் புரியவைக்க ஒரு மாலை ஆயிற்று. எதிரொலி ஒரு மைக்ரோ நொடி பிந்தினால் 150 மீட்டர் தள்ளி என்றதும் பிடித்துக்கொண்டாள்.

கணினியில் நீ கட்டிய சிறுகோளின் வடிவம் ரேடார் தரவோடு பொருந்தவில்லை என்றாய். ஒரே இரவின் தரவை நம்பாதே. சிறுகோளின் நடுக்கோட்டுக்கு நேராக ரேடார் பார்த்தால் வடக்கு மேடும் தெற்கு மேடும் ஒரே கட்டத்தில் விழும், பிரிக்கவே முடியாது. பார்வைக் கோணம் மாறிய பல நாள் தரவு வேண்டும். சிறுகோள் சுழலும் அச்சின் திசை தவறானால், கணினி அந்தத் தவறை இல்லாத பள்ளமாகவும் புடைப்பாகவும் வரைந்து ஒப்பேற்றிவிடும். முதலில் முட்டை வடிவத்தோடு நிறுத்தி எல்லா அச்சுத் திசைகளையும் ஓட்டிப் பார். மேடு பள்ளமெல்லாம் பிறகு.

பட்டை அகலத்தையும், அதாவது டாப்ளரால் எதிரொலி எத்தனை ஹெர்ட்ஸ் விரிகிறது என்பதையும் சரிபார். விட்டம் 500 மீட்டர், சுழற்சி 4 மணி நேரம் என்றால் அரசிபோ ரேடார் தொலைநோக்கியின் 12.6 செ.மீ. அலையில் சுமார் 3.5 ஹெர்ட்ஸ், கோல்ட்ஸ்டோன் ரேடாரின் 3.5 செ.மீ. அலையில் 12.5 ஹெர்ட்ஸ். துருவப் பக்கமாகப் பார்த்தால் இது சுருங்கும். சுருங்கியதை வைத்து மெதுவாகச் சுற்றுகிறது என்று எழுதிவிடாதே.

உலோகம் என்றும் அவசரப்படாதே. கடலடியைப் பார்க்கத் தம்பி வைத்திருக்கும் எக்கோ சவுண்டரில் பாறை கெட்டியாகத் தெரியும், சேறு மங்கும். ஆனால் உலோகமே தூளாகிப் புரையோடிக் கிடந்தால் அதுவும் மங்கும். உலோகச் சிறுகோளான 1986 டி.ஏ. அளவுக்குப் பளிச்சிட்டால் துணிந்து சொல்லலாம். வட்டத் தளவிளைவில், அதாவது வட்டமாகச் சுழலவிட்டு அனுப்பும் அலையில், அனுப்பிய சுழற்சியிலேயே திரும்பும் பங்கு கூடினால், அலைநீள அளவில் கரடுமுரடு என்றுதான் பெரும்பாலும் பொருள். உலோகத்துக்கு அது சாட்சியில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வேலை நெருக்கடி, அதனால்தான் போன் எடுக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

2020 டிசம்பர் 1 அன்று அரசிபோவின் 900 டன் மேடை வடம் அறுந்து தட்டின்மேல் விழுந்தது. அன்றிரவு நீ அழுதாய். "அப்பவே பேங்க் பரீட்சை எழுதச் சொன்னேனே" என்றேன். பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்த வாய் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, தாயி. என் தப்பு.

வேறெதுவும் எழுத வேண்டாம். எத்தனை அச்சுத் திசை தேறியது என்று மட்டும் ஒரு வரி எழுது. ஒன்றுதான் தேறினாலும் அதன் எதிர்த் திசையையும் ஓட்டிப் பார்.

அப்பா