சஃபாரி சவாரியில் தீவனக் கப் விற்பனையை நிறுத்தக் கோரும் புகார்

அனுப்புநர்:
காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பகுதிகளில் ஆடு, மாடு, குதிரை வளர்ப்போர்

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
பொழுதுபோக்குப் பூங்கா நிர்வாகம்

பொருள்: சஃபாரி சவாரியில் விலங்குகளுக்குத் தரப்படும் தீவனம், வண்டியின் பாதுகாப்புக் குறை, சவாரி நேரக் குறைவு குறித்து.

ஐயா,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை பகல் 12.40 மணிச் சுற்றில் தங்கள் பூங்காவின் சஃபாரி சவாரியில் 22 பேர் சென்றோம். நுழைவுச்சீட்டு போக, சவாரிக்கு மட்டும் ஆளுக்கு 150 ரூபாய் கட்டினோம். அரை மணி நேரச் சுற்று என்று பலகையில் எழுதியிருக்கிறது. 14 நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். பணத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறோம். முதலில் அந்த வாயில்லா ஜீவன்களைப் பற்றி.

வண்டி ஏறும் இடத்தில் 60 ரூபாய்க்கு ஒரு தீவனக் கப் விற்கிறீர்கள். காகிதக் கப்பில் ஒரு கைப்பிடி மக்காச்சோளம், பிய்த்துப் போட்ட இரண்டு துண்டு பிரெட், மேலே இரண்டு கிரீம் பிஸ்கட். எங்கள் கையிலிருந்த மூன்று கப்புகளை நிறுத்துப் பார்த்தோம்; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிராம். டிராக்டர் இழுக்கும் இரண்டு டிரெய்லர்தான் வண்டி; அதில் 24 இருக்கை. பாதிப் பேர் வாங்கினாலும் ஒரு சுற்றுக்கு 1.8 கிலோ ஆகிறது. நாளைக்கு 10 சுற்று ஓடினால் 18 கிலோ. இது எல்லா உருப்படிக்கும் சமமாகப் போவதில்லை. முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் வரும் நாலைந்து ஆடும் மானும்தான் பெரும்பங்கைத் தின்கின்றன. பின்னால் நிற்கும் குட்டிக்கும் சினைக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை.

ஆடும் மானும் அசைபோடும் பிராணிகள். அவற்றின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் புல்லையும் தழையையும் மெதுவாக நொதிக்க வைக்கப் பழகியவை. தானியமும் பிரெட்டும் ஒரேயடியாக இறங்கினால் மாவுச்சத்து வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலம் ஊறும். அதில் நல்ல நுண்ணுயிர்கள் மடியும், அசைபோடுவது நிற்கும், இடது பக்க வயிறு உப்பும், பல்லை நறநறவென்று கடிக்கும், பிறகு கழிச்சல் காணும். முற்றிவிட்டால் இரண்டொரு நாளில் உயிர் போய்விடும். கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்று மாடு வயிறு உப்பிச் செத்ததை நம் பக்கத்தில் கேள்விப்படாத வீடு இருக்காது. தங்கள் பூங்காவில் நடப்பதும் அதுதான், பந்தி மட்டும் தினமும் நடக்கிறது.

இது வெறும் ஊகம் இல்லை. மான் பட்டியை ஒட்டி வண்டி நின்றபோது தரையைப் பார்த்தோம். மான் புழுக்கை உருண்டை உருண்டையாக, காய்ந்து கிடக்க வேண்டும். அங்கே கிடந்தது தண்ணீராகப் போன கழிச்சல். அதற்குள் செரிக்காத மக்காச்சோளம் மஞ்சள் மாறாமல் முழுசாக இருந்தது. படுத்திருந்த 11 மான்களில் அசைபோட்டவை மூன்றே. உச்சி வெயிலுக்கு ஒதுங்கிப் படுத்த மந்தையில் பெரும்பாலானவை வாயை அசைத்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது. இன்றே ஒரு கால்நடை மருத்துவரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

இன்னொன்று. கப்பையும் சேர்த்துத் தின்கின்றன. பிஸ்கட் வாசனை ஏறிய காகிதத்தை ஒரு கிடா முழுசாக விழுங்கியதைப் படம் எடுத்திருக்கிறோம். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகிதம் அது. பெருவயிற்றில் சேர்ந்தால் தானாக வெளியே வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நெருப்புக்கோழி பளபளப்பாக எதைக் கண்டாலும் கொத்தி விழுங்கும். அதன் பக்கம் போகும்போது கம்மல், சட்டைப் பொத்தான், சாவி பற்றி எச்சரிக்கை சொல்ல ஆள் இல்லை.

வண்டிச் சத்தம் கேட்டாலே தீவனம் என்று பழகிவிட்டதால் மந்தை டிராக்டரை நோக்கி ஓடிவருகிறது. கொம்பு முற்றிய கலைமான்களும் அதில் உண்டு. டிரெய்லரின் பக்கக் கம்பி பெரியவர்கள் இடுப்புக்குக் கீழே நிற்கிறது. பிள்ளைகள் அதன்மேல் சாய்ந்து கையை நீட்டுகிறார்கள். கொம்பு அசையும் உயரமும் பிள்ளைகளின் முகமும் ஒரே மட்டம்.

டிராக்டரையும் முதல் டிரெய்லரையும் இணைக்கும் பின்னைக் கட்டாயம் பாருங்கள். பின் மேலெழும்பாமல் இருக்க அடியில் போட வேண்டிய கிளிப் இல்லை. கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கியிருக்கிறார்கள். குழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்தப் பின் ஒரு விரற்கடை மேலே வந்து இறங்கியது. கம்பி அறுந்தால் 24 பேர் இருக்கும் இரண்டு டிரெய்லரும் சரிவில் பின்னோக்கி உருளும். சரியான கிளிப்பும், பின் கழன்றாலும் பிடித்துக்கொள்ள இரண்டு பாதுகாப்புச் சங்கிலியும் பெரிய செலவு இல்லை. அவற்றை மாட்டும்வரை அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

டிராக்டரில் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டு போடுகிறார்கள். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடியில் கூடு கட்ட வரும் பறவை மிரளக்கூடாது என்று கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அந்த மண்ணில் நடத்தும் சவாரியில் மான் காதருகே ஒலிபெருக்கி வைப்பது எங்களுக்கு வேதனையாக இருந்தது. மான் மிரண்டு வெகுதூரம் ஓடினால் தசை சிதைந்து சாகவும் கூடும்.

பாட்டுக்கு நடுவே சொன்ன விவரமும் தவறு. ஒட்டகத் திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு. நெருப்புக்கோழி மண்ணுக்குள் தலையைப் புதைத்து ஒளிவதும் இல்லை. தரைக்குழியில் இட்ட முட்டையை அலகால் புரட்டக் குனிவதுதான் அப்படித் தெரிகிறது. பள்ளிப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டு போகிறார்கள், திருத்திச் சொல்லுங்கள்.

நிழலுக்குத் தாழ்வான ஒரே தகரக் கொட்டகை. அந்த வெயிலில் தகரத்தடி அடுப்படி. பனையோலையோ கீற்றோ வேய்ந்து, நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கும்படி இன்னும் மூன்று போட வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் பாசியும் கொசுப்புழுவும் இருந்தன.

மான் இருப்பதால் ஒன்றைக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி, மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் உயிரியல் பூங்கா நடத்தக்கூடாது. அதே சட்டத்தின் 38ஜே பிரிவு, அங்குள்ள விலங்குகளைச் சீண்டுவது, அவற்றுக்குத் தீனி போடுவது, சத்தத்தால் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது ஆகியவற்றைத் தடை செய்கிறது. தங்கள் வளாகத்தில் அங்கீகார எண் எழுதிய பலகை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. இருந்தால் நகல் அனுப்புங்கள். இருந்தாலும் கப் விற்க இடமில்லை.

விலங்குகள் தின்பதைப் பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுவது நியாயம். அதற்கு வழி இருக்கிறது. கோ 4 புல், அகத்தி, வேலிமசால் இவற்றைக் கட்டாகக் கட்டி, வண்டித்தடத்திலிருந்து 15 அடி தள்ளி நாலைந்து இடத்தில் பணியாளர்களே தொங்கவிடட்டும். இடம் பிரிந்தால் முட்டல் குறையும், குட்டிக்கும் கிடைக்கும், மந்தை வண்டியடிக்கு வராது. பிரெட்டையும் பிஸ்கட்டையும் இன்றே நிறுத்துங்கள். பசுந்தீவனத்தை மட்டும் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், சட்டென்று மாற்றினாலும் வயிறு கெடும். சித்திரை, வைகாசியில் காலை 11 முதல் மாலை 3.30 வரை சவாரியே வேண்டாம்.

சவாரி நேரம் பாதிக்கும் குறைவாக இருந்ததால் 22 பேருக்கும் கட்டணத்தில் பாதி, மொத்தம் 1,650 ரூபாயும், வாங்கிய 9 கப்புக்கு 540 ரூபாயும் திருப்பித் தர வேண்டும். 15 நாட்களுக்குள், மருத்துவர் பரிசோதனை அறிக்கையின் நகலுடன் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும், மான் தொடர்பாக மாவட்ட வன அலுவலரிடமும் மனு கொடுப்போம்.

இணைப்பு: சவாரிச் சீட்டு நகல் 22, கப் ரசீது 9, படங்கள் 6 (இணைப்புப் பின், கழிச்சல், கப் விழுங்கும் கிடா, தண்ணீர்த் தொட்டி உட்பட).

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
22 பேரின் சார்பாகக் கையொப்பமிட்டோர்