ஈஸ்ட் இண்டியன் என்ற ஒற்றை வரி: துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவின் கடலோரக் கவுண்டிகளில் (மாவட்டங்களில்) 1700களின் தொடக்கத்தில் வாழ்ந்த ஒரு முன்னோரைப் பற்றிய கோப்பு ஒருவழியாக வடிவம் பெற்றுவிட்டது. நீதிமன்ற ஏட்டின் ஒரு வரியில் அவர் 'ஈஸ்ட் இண்டியன்', அதாவது இந்தியா பக்கத்திலிருந்து வந்தவர். பேரப்பிள்ளைகள் காலத்து ஏடுகளில் அந்தக் குடும்பமே 'முலாட்டோ', அதாவது கலப்பினத்தவர். வாய்மொழியிலோ ஒரு கிளையார் போர்த்துகீசியர் என்கிறார்கள், இன்னொரு கிளையார் செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடி என்கிறார்கள். சந்ததியார் இன்றும் இருப்பதால் குடும்பப் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறோம். உதவியவர்கள் பலர். என்ன உதவி, அது எந்த முடிச்சை அவிழ்த்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு வெறும் பெயர்ப் பட்டியலைவிட அது பயன்படும்.

முதல் நன்றி, குடும்ப பைபிளைப் படமெடுத்து அனுப்பிய வீட்டாருக்கு. பிறப்பு, இறப்பு எழுதிய பக்கங்களோடு நிறுத்திவிடாமல் தலைப்புப் பக்கம், வெற்றுப் பக்கங்கள், கிழிந்த பக்கத்தின் அடிக்கட்டை வரை எல்லாவற்றையும் அனுப்பினார்கள். பைபிள் அச்சான ஆண்டு தலைப்புப் பக்கத்தில்தான் இருக்கும். 1812இல் அச்சான பைபிளில் 1740ஆம் ஆண்டுப் பிறப்பு எழுதியிருந்தால், அது நினைவிலிருந்தோ வேறொரு தாளைப் பார்த்தோ பின்னாளில் எழுதியதுதான். நடந்தது நடந்தபடி எழுதிவந்த ஏட்டில் மையும் கையெழுத்தும் மாறிக்கொண்டே போகும். ஒரே மையில், ஒரே கையில், ஒரே மூச்சில் எழுதிய முதல் பத்து வரிகளுக்கு வாய்மொழிக்குரிய மதிப்புதான் கொடுக்க முடியும். இதைச் சொன்னபோது அந்த வீட்டார் முகம் சுளிக்கவில்லை. அதற்குத் தனி நன்றி. கிழிந்த பக்கத்தின் அடிக்கட்டையும் வீணில்லை. அமெரிக்கப் புரட்சிப் போர் வீரர்களின் விதவைகளுக்கு ஓய்வூதியம் தந்த 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்போது, திருமணத்தை மெய்ப்பிக்கப் பலர் பைபிள் பக்கத்தையே கிழித்து மனுவோடு இணைத்தார்கள். அவை இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்புகளில் கிடக்கின்றன. 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் எரிந்ததால் அதற்கு முந்தைய மனுக்கள் மட்டும் போயின.

பெரிய கடன் கவுண்டி நீதிமன்ற எழுத்தர் அலுவலகங்களுக்கும், அவற்றின் ஏடுகளை மைக்ரோஃபிலிமாக வைத்திருக்கும் ரிச்மண்டிலுள்ள வர்ஜீனியா நூலகத்துக்கும். எந்தக் கவுண்டி எரிந்தது, எது தப்பியது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் தேட ஆரம்பிக்கக் கூடாது. ஜேம்ஸ் சிட்டி போன்ற கவுண்டிகள் உள்நாட்டுப் போரின்போது பத்திரமாக இருக்கட்டும் என்று தங்கள் ஏடுகளை ரிச்மண்ட் நகரத்துக்கு அனுப்பின. 1865 ஏப்ரல் 3இல் நகரமே தீப்பிடித்தபோது பத்திரப்படுத்தியவை சாம்பலாயின. அனுப்பாமல் சோம்பியிருந்த சில கவுண்டிகளின் ஏடுகள் பிழைத்தன. லங்காஸ்டர், வெஸ்ட்மர்லண்ட், ரிச்மண்ட் கவுண்டிகளின் ஏடுகள் பெரும்பாலும் இருப்பது இந்தத் தேடலின் அதிர்ஷ்டம். ரிச்மண்ட் கவுண்டி வேறு, ரிச்மண்ட் நகரம் வேறு. இரண்டுக்கும் இடையே நல்ல தூரம். எரிந்த கவுண்டிகளின் ஆவணங்களுக்கு வேறு நீதிமன்றங்களில் தங்கிப்போன படிகளை அந்த நூலகம் தனித் தொகுப்பாகத் திரட்டி இணையத்தில் வைத்திருக்கிறது. அந்த வேலையைச் செய்பவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

நீதிமன்ற உத்தரவுப் புத்தகங்களின் பெயரகராதி பெரும்பாலும் வாதி, பிரதிவாதி பெயர்களோடு நின்றுவிடும். எசமானரிடம் குறித்த ஆண்டுகள் கட்டுண்டு உழைத்த ஊழியர்கள் அதில் வரமாட்டார்கள். பக்கம் பக்கமாகப் படிப்பதைத் தவிர வழியில்லை. அப்படிப் படித்துத் தந்தவர்கள் எதை எதைக் குறித்து வைத்தார்கள் என்பதே ஒரு பாடம்.

ஒப்பந்தத் தாள் இல்லாமல் வந்த சிறுவர்களை எசமானர் நீதிமன்றத்துக்குக் கூட்டிவந்து வயதைத் தீர்மானிக்கச் செய்தார்கள். 1666ஆம் ஆண்டுச் சட்டப்படி 19 வயதுக்குக் குறைந்தவர் 24 வயது வரை உழைக்க வேண்டும். கூடினவருக்கு 5 ஆண்டு. பையனுக்கு 14 என்று தீர்ப்பானால் 10 ஆண்டு உழைப்பு கிடைக்கும், 17 என்றால் 7தான். வயது குறையக் குறைய எசமானருக்கு லாபம் என்பதால், அந்த வயதை அப்படியே நம்பிப் பிறந்த ஆண்டைக் கணக்கிடக் கூடாது. 'ஏறத்தாழ' என்று போட்டு, முன்னே சில ஆண்டுகள் இடம் விடவேண்டும்.

அடுத்தது விடுதலை மனுக்கள். கிறிஸ்தவரல்லாத நாட்டில் கிறிஸ்தவரல்லாத பெற்றோருக்குப் பிறந்து, கடல்வழியே ஊழியராகக் கொண்டுவரப்பட்டவர் அடிமையே என்று 1682ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆகவே மனுதாரர் தன் ஞானஸ்நானத்தையும், இங்கிலாந்தில் கழித்த காலத்தையும், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் ஆதாரமாகக் காட்டியிருப்பார். குடிவழி தேடுகிறவருக்கு அவைதான் தங்கம். மனு தள்ளுபடியாகியிருந்தாலும் படித்தே ஆகவேண்டும்.

மூன்றாவது, சர்ச் வார்டன்கள் (திருச்சபை வட்டாரப் பொறுப்பாளர்கள்) பிள்ளைகளை ஊழியத்துக்கு ஒப்படைத்த உத்தரவுகள். 1705ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர் ஒருவரின் பிள்ளையையும், நீக்ரோ ஒருவரின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரையும் 'முலாட்டோ' என்றே வரையறுத்தது. அமெரிக்கப் பூர்வகுடி இந்தியரா, இந்தியாவிலிருந்து வந்தவரா என்று அது பிரிக்கவில்லை. மணமாகாத வெள்ளை ஊழியப் பெண்ணுக்கு நீக்ரோ அல்லது முலாட்டோ தந்தையால் குழந்தை பிறந்தால், அவளுக்கு 15 பவுண்டு அபராதம் அல்லது 5 ஆண்டுக் கூடுதல் ஊழியம். குழந்தை 31 வயது வரை கட்டுண்ட ஊழியர். தகப்பன் 'ஈஸ்ட் இண்டியன்', பிள்ளைகள் 'முலாட்டோ' என்று ஏடு மாறியதற்கு இந்தச் சட்டமே போதுமான காரணம். குடும்பம் எதையும் மறைத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு '31 வரை' என்று எழுதியிருந்தால் தாய் வெள்ளைப் பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளையின் நிலை தாயின் நிலையையே தொடர்ந்ததால், தாய் அடிமையாக இருந்திருந்தால் வயது வரம்பு எழுதவே தேவைப்பட்டிருக்காது.

மேலிருந்து இறங்கிவரும் தேடல் பாதியில் அறுந்துபோகும். கீழிருந்து ஏறும்படி எங்களை வற்புறுத்திய மூத்த ஆய்வாளர்களுக்கு நன்றி. வீட்டிலுள்ள சுதந்திரமானவர்கள் எல்லாருடைய பெயரையும் எழுதிய முதல் அமெரிக்கக் கணக்கெடுப்பு 1850இல்தான். அதற்கு முந்தியவற்றில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். வர்ஜீனியாவின் 1790ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் தொலைந்துபோனது. நடுவிலுள்ள பள்ளத்தை இரண்டு ஏடுகள் நிரப்பின. ஒன்று, 1782இல் தொடங்கும் அசையும் சொத்துவரிப் பட்டியல். மற்றொன்று, 1793ஆம் ஆண்டுச் சட்டப்படி சுதந்திரக் கறுப்பினத்தாரும் முலாட்டோக்களும் எழுத்தரிடம் பதிந்துகொண்ட பதிவேடு. வயது, உயரம், நிறம், தழும்பு, பிறவியிலேயே சுதந்திரமானவரா என்பதெல்லாம் அதில் உண்டு. சில இடங்களில் 'இவருடைய தாயை எனக்குத் தெரியும்' என்று அண்டைவீட்டார் சத்தியம் செய்த தாளும் கூடவே இருக்கும். அந்தத் தாள் ஒன்றே இரண்டு தலைமுறையை இணைத்துவிடும். இத்தகைய சுதந்திரக் குடும்பங்களின் பதிவுகளைப் பல பத்தாண்டுகள் பொறுக்கி எடுத்துத் தொகுத்து, காசு வாங்காமல் இணையத்தில் வைத்த ஆய்வாளருக்கு வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் தேடுகிற எல்லாருமே கடன்பட்டவர்கள்.

படியெடுத்துத் தந்த தன்னார்வலர்களே! 1719/20 என்ற சாய்கோட்டை நீங்கள் விடாமல் எழுதியதன் அருமையை விளக்க வேண்டும். 1752க்கு முன் ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. 1719 ஜூனில் திருமணம், '1719' பிப்ரவரியில் குழந்தை என்று ஏட்டில் இருந்தால், நம் கணக்கில் அந்தப் பிப்ரவரி 1720; எட்டு மாத இடைவெளி. சாய்கோட்டைத் தவறவிட்ட அட்டவணையோ திருமணத்துக்கு முன்பே பிறந்த பிள்ளையாக்கிவிடும். அதை வைத்து யாராவது கதையும் கட்டுவார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஏடுகளில் 'முதல் மாதம்' என்பதும் அந்நாளில் மார்ச்தான். எழுத்துகளில் உள்ள பொறிகளைப் பற்றி நீங்கள் அனுப்பிய குறிப்புத்தாளைக் கோப்பின் முதல் பக்கமாகவே வைத்திருக்கிறோம். பெயரின் தொடக்கத்தில் இரண்டு சிறிய எஃப் வந்தால் அது ஒரு பெரிய எஃப். நீண்ட எஸ், எஃப் போலவே தோன்றும். ஜே, என், ஓ என்று சுருக்கினால் அது ஜான், ஜோனத்தான் அல்ல.

குடிவழி ஆவணங்களைத் திரட்டும் ஃபேமிலிசர்ச் நிறுவனம் தன் 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களையும் 2021இல் எண்மமாக்கி முடித்தது. 2024இல் கையெழுத்தை இயந்திரமே படித்துத் தேடும் வசதியும் வந்தது. பலருடைய அலைச்சலை மிச்சப்படுத்திய வேலை. ஆனால் இயந்திரம் ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால் அந்தப் பக்கம் தேடலில் வரவே வராது. 'இல்லை' என்று திரை சொல்வதை ஏடு சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்னோர் பெயரோடு எசமானர் பெயர், பக்கத்து நிலக்காரர் பெயர், பத்திரத்துக்குச் சாட்சி போட்டவர் பெயர் எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேடவேண்டும்.

ஓடிப்போனவர்களைத் தேடி எசமானர்கள் பத்திரிகையில் தந்த விளம்பரங்களை வர்ஜீனியா பல்கலைக்கழகம் திரட்டி வைத்திருக்கிறது. 1776இல் வர்ஜீனியா கெஜட்டில் வந்த ஒன்று ஜான் நியூட்டன் என்ற ஆசிய இந்தியரைத் தேடுகிறது. வர்ஜீனியாவுக்கு வந்து ஏறக்குறைய 12 மாதம், அதற்கு முன் 10 ஆண்டு இங்கிலாந்தில் ஊழியம் என்கிறது. இவர்கள் வந்த பாதை இதிலிருந்து தெளிவாகும்: இந்தியா, லண்டன், பிறகு வர்ஜீனியா. அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகள் பட்டியல் கட்டாயமானதே 1820இல்தான் என்பதால், கப்பல் பட்டியலைத் தேடி அலைவது வீண்.

மரபணுச் சோதனைக்கு உமிழ்நீர் தந்த உறவினர்களுக்கும் நன்றி, கிடைத்தது குறைவுதான். எட்டுத் தலைமுறைக்கு முந்தைய மூதாதையர் 256 பேர். ஒருவர் பங்கு சராசரியாக 0.4 விழுக்காடு, ஒன்றுமே வராமலும் போகலாம். சோதனைக்கூடம் காட்டும் அரை விழுக்காட்டுத் தெற்காசியத்தை ஆதாரமாக வைக்க முடியாது. தாய்வழி மரபணுவில், தெற்காசியாவில் பரவலான எம் பிரிவு வந்தாலும் துள்ளிக் குதிக்க வேண்டாம். 1719 முதல் 1721 வரை மடகாஸ்கரிலிருந்தும் அடிமைக் கப்பல்கள் வர்ஜீனியாவுக்கு வந்தன. அங்கும் எம் பிரிவு உண்டு. உட்பிரிவு வரை பார்த்தால்தான் இந்தியாவா மடகாஸ்கரா என்று பேசவே முடியும்.

இத்தனைக்கும் மேலான நன்றி, 'இது அவர் இல்லை' என்று சொன்னவர்களுக்கு. ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே கவுண்டியில் இருந்ததை ஒரு எழுத்தர் கண்டுபிடித்துக் காட்டினார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ஆளுக்கொரு குறி போடுவார்கள். படியெடுக்கும் எழுத்தர் அந்தக் குறியையும் வரைந்துவைப்பது உண்டு. ஒருவர் சிலுவைக்குறி, இன்னொருவர் பெயரின் முதலெழுத்தைத் தலைகீழாக. ஒரே ஆண்டின் தலைவரிப் பட்டியலிலும் இருவரும் தனித்தனியே நின்றார்கள். எங்கள் குடிவழி மரத்திலிருந்து ஒரு முழுக் கிளை விழுந்தது. உயிலில் 'சீனியர்', 'ஜூனியர்' என்றிருந்தால் தகப்பன் மகன் என்று முடிவுகட்டக் கூடாது, மூத்தவர் இளையவர் என்ற வேறுபாடு மட்டுமே அது என்று எச்சரித்தவரும் அவர்தான். பணக்காரக் குடும்பங்களுக்கு குஸ்டாவ் ஆன்ஜூ போன்றவர்கள் காசு வாங்கிக்கொண்டு போலி வம்சாவளி எழுதிக் கொடுத்தார்கள். நம் முன்னோர் போன்ற ஏழைக்கு அந்தச் செலவு செய்ய ஆள் இல்லை. அந்தக் குறையை இன்று யாரும் சரிபார்க்காத இணையக் குடிவழி மரங்கள் இலவசமாகத் தீர்த்துவைக்கின்றன.

'அவர் தமிழரா?' என்று ஆவலோடு கேட்டு எழுதிய தமிழ் வாசகர்களுக்கும் நன்றி. 1635இல் ஜார்ஜ் மெனஃபியின் நிலப் பத்திரத்தில் 'டோனி, ஈஸ்ட் இண்டியன்' என்று ஒரு பெயர் வருகிறது. அவரைச் சென்னைக்காரர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் இடம் கிடைத்ததே 1639இல். டோனிக்கு ஊரோ மொழியோ அந்தத் தாளில் இல்லை. அந்தப் பத்திரத்தின் தேதி அவர் வந்திறங்கிய தேதியும் அல்ல. குடியேற ஆள் கொண்டுவந்தவருக்கு ஆளுக்கு 50 ஏக்கர் நிலம் என்ற உரிமையை விற்கவும் வாங்கவும் முடிந்ததால், ஆள் வந்து பல ஆண்டு கழித்தும் பெயர் பத்திரத்தில் ஏறும். முதல் அமெரிக்கக் கப்பல் புதுச்சேரிக்கு வந்ததோ 1784 டிசம்பரில். நாம் தேடியவர் காலத்துக்கு வெகு பின்னால். எனவே கோப்பில் பிறந்த ஊர் என்ற இடம் காலியாகவே இருக்கிறது.

தாயின் பெயரும் இன்னும் உறுதியாகவில்லை. இரண்டு பெண்கள் பொருந்துகிறார்கள். இருவரையும் ஆதாரத்தோடு எழுதி, முடிவு சொல்லாமல் விட்டிருக்கிறோம். படமெடுக்கப்படாத தனித்தாள் கட்டுகளில் 1710க்கும் 1730க்கும் இடைப்பட்ட சர்ச் வார்டன் மனுக்களைப் பார்க்க நேர்பவர்கள் அங்கே '31 வரை' என்ற சொற்கள் கண்ணில் பட்டால் எழுதுங்கள். கவுண்டி, கட்டின் எண், தாளின் தேதி மூன்றும் போதும். படம் எடுத்தால் தாளின் பின்பக்கத்தையும் எடுங்கள். எழுத்தர் வழக்கின் பெயரையும் முடிவையும் பெரும்பாலும் அங்கேதான் குறித்திருப்பார்.

நன்றியுடன்,
கோப்பைத் தொகுத்தவர்கள்